ஃபீட் பம்பி வாங்குமுன் அளந்து பாருங்கள்

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் பதினான்கரை அடி இசுசு எல்ஃப் லொறி ஒன்று இருக்கிறது. 24 வோல்ற் மின்தொகுதியும் கொமன் ரெயில் என்ஜினும் கொண்டது. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் சீனியும் ஏற்றி, அவிசாவளை வழியாக ஹற்றனுக்கு வாரம் மூன்று தடவை ஓட்டம். சில மாதங்களாகக் கித்துல்கலவைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இழுவை குறைந்துவிடுகிறது. காலையில் பில்டரின் தலையிலுள்ள கைப் பம்பியை இருபது தடவையாவது அமுக்காமல் என்ஜின் ஸ்டார்ட் ஆவதில்லை. தாங்கியிலிருந்து டீசலை என்ஜினுக்கு அனுப்பும் மின்சார ஃபீட் பம்பி ஒன்றைப் பொருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கராஜ்காரர் சொல்கிறார். ரொறன்ரோவில் வசிக்கும் என் மாமா, தமது அமெரிக்க பிக்கப்புக்கென்று வாங்கிப் பொருத்தாமல் வைத்திருந்த பம்பித் தொகுதி ஒன்றைப் பொதியில் போட்டு அனுப்பியிருக்கிறார். மோட்டார், இரண்டு பில்டர்கள், குழாய்கள், வயர்க் கட்டு எல்லாம் இருக்கின்றன. அதை என் லொறிக்குப் பொருத்தலாமா?
– வாசகர், கிராண்ட்பாஸ்

பதில்: மாமாவின் அன்பைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், பெட்டியை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு குறைகளும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. அந்த இடத்தைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டால், புதிய பம்பி எதுவும் இல்லாமலே உங்கள் லொறி ஹற்றனுக்கு ஏறிவிடக் கூடும்.

முதலில் மின்சாரத்தைப் பேசிவிடுவோம், ஏனெனில் அங்கே தவறினால் மற்றவற்றைப் பேசவே இடமிராது. வட அமெரிக்க பிக்கப் வாகனங்கள் 12 வோல்ற்றில் இயங்குபவை. அவற்றுக்கென்று வரும் பம்பிகளும் அப்படியே. உங்கள் லொறியிலோ இரண்டு பற்றறிகள் தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ற் கிடைக்கிறது. அந்த மோட்டாரை நேரடியாக 24 வோல்ற்றில் இணைத்தால் அது சிறிது நேரம் பேரிரைச்சலுடன் சுழன்று கருகிப் போகும். "அப்படியென்றால் ஒரு பற்றறியிலிருந்து மட்டும் 12 வோல்ற் எடுக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். வானொலிப் பெட்டிக்கு அப்படிச் செய்த பல லொறிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மணிக்கணக்காக ஓடும் பம்பிக்கு அது சரிவராது. ஒரு பற்றறி எப்போதும் வடிந்துகொண்டே இருக்க, அல்ற்றனேற்றர் இரண்டையும் சேர்த்தே சார்ஜ் செய்வதால், வடிந்தது நிரம்பாமலும் மற்றது அளவுக்கு மீறிக் கொதித்தும் சில மாதங்களில் இரண்டுமே பயனற்றுப் போகும். 24 வோல்ற்றை 12 ஆக இறக்கும் கன்வேர்ட்டர் ஒன்றை, பம்பி இழுக்கும் மின்னோட்டத்துக்கும் மேலான கொள்ளளவில் வாங்கிப் பொருத்தினால் பம்பி ஓடும். ஆனால் வழியில் பழுதாகக்கூடிய சாமான் ஒன்று கூடிவிட்டது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி, மாமாவின் ஊரில் இத்தகைய பம்பிகள் ஏன் இவ்வளவு பெயர் பெற்றன என்பதைப் பார்ப்போம். 1998 முதல் 2002 வரையான டொட்ஜ் ராம் பிக்கப்களில், 5.9 லீற்றர் கமின்ஸ் என்ஜினுக்கு டீசலை அழுத்தி இன்ஜெக்டர்களுக்கு அனுப்பும், பொஷ் நிறுவனத்தின் விபி44 என்னும் இன்ஜெக்டர் பம்பி பொருத்தப்பட்டிருந்தது. அந்தப் பம்பியைக் குளிர்விப்பதும் உயவூட்டுவதும் அதனூடாக ஓடும் டீசல்தான். அதற்கு டீசல் அனுப்பும் ஃபீட் பம்பியோ தாங்கியின் அருகில் இல்லாமல் என்ஜினின் பக்கவாட்டில் இருந்தது. தொலைவிலிருந்து உறிஞ்சி உறிஞ்சி அது களைத்துப் போனபோது, விலை கூடிய இன்ஜெக்டர் பம்பியும் தாகத்தில் மாண்டது. 2001 இல் ஜெனரல் மோட்டர்ஸ் பிக்கப்களில் வந்த டியூராமக்ஸ் டீசல் என்ஜினில் தாங்கிப் பக்கத்தில் ஃபீட் பம்பியே வைக்கப்படவில்லை. என்ஜினில் உள்ள உயர் அழுத்தப் பம்பியே டீசலை உறிஞ்சிக்கொள்ள வேண்டியிருந்தது. இவ்விரண்டு குறைகளையும் நிரப்பத்தான், தாங்கியின் பக்கத்தில் சட்டகத்தில் பொருத்தி டீசலை முன்னே தள்ளுவதும், வழியில் நீரையும் காற்றையும் பிரித்துவிடுவதுமான தொகுதிகள் சந்தைக்கு வந்தன. அந்த வாகனங்களுக்கு அவை நியாயமான மருந்து. உங்கள் லொறிக்கு அதே நோய் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

உங்கள் என்ஜினிலும் தாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சுவதற்கான சிறிய பம்பி, உயர் அழுத்தப் பம்பியின் உள்ளேயே இருக்கிறது. ஆகவே தாங்கியிலிருந்து அந்தப் பம்பி வரையுள்ள குழாய், பில்டர், கைப் பம்பி அனைத்தும் உறிஞ்சும் பக்கத்தைச் சேர்ந்தவை. உறிஞ்சும் பக்கத்தில் ஒரு வோஷர் தளர்ந்தாலோ ரப்பர்க் குழாய் வெடித்தாலோ டீசல் வெளியே சொட்டாது. வெளிக் காற்றுத்தான் உள்ளே போகும். தரையில் ஒரு துளி எண்ணெய்கூட இல்லாதபோது ஒழுக்கு இருப்பதாக யார் சந்தேகிப்பார்கள்? இரவில் லொறி நிற்கையில் அந்தத் துளையினூடாகக் காற்றுப் புகுந்து, குழாயிலிருந்த டீசல் மெல்லத் தாங்கிக்கே திரும்பிவிடுகிறது. காலையில் நீங்கள் இருபது தடவை அமுக்குவது அந்த வெற்றுக் குழாயை நிரப்பத்தான்.

ஏற்றத்தில் இழுவை குறைவதற்கும் இது காரணமாகலாம். உறிஞ்சுதல் என்று நாம் சொல்வது, உண்மையில், தாங்கியிலுள்ள டீசலை வெளிக்காற்றின் அழுத்தம் தள்ளிவிடுவதுதான். கடல் மட்டத்திலுள்ள புறக்கோட்டையில் கிடைக்கும் காற்றழுத்தத்தில் ஏழில் ஒரு பங்கு, ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹற்றனில் இல்லை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு இல்லை. தள்ளுகிற கை தளரும் அதே வேளையில், பாரத்தோடு ஏறும் என்ஜின் கூடுதல் டீசல் கேட்கிறது. குழாயினுள் புகுந்த காற்றுக் குமிழிகளும் அழுத்தம் குறையக் குறையப் பெருக்கின்றன. கொழும்பு வீதிகளில் தெரியாத சிறு அடைப்பு கினிகத்தேனை ஏற்றத்தில் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

ஆகவே மூன்று சோதனைகளைச் செய்து பாருங்கள். பில்டருக்கும் உயர் அழுத்தப் பம்பிக்கும் இடையில் ஒரு முழம் நீளத்துக்கு, டீசலைத் தாங்கும் கண்ணாடி போன்ற குழாயைத் தற்காலிகமாகப் போட்டு, என்ஜினை ஓடவிட்டுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். குமிழி வந்தால் அதே குழாயைத் தாங்கிப் பக்கமாக ஒவ்வோர் இணைப்பாக நகர்த்துங்கள். எந்த இணைப்பைத் தாண்டி நகர்த்தியதும் குமிழி மறைகிறதோ, அந்த இணைப்புத்தான் குற்றவாளி. அடுத்ததாக, சுத்தமான கலன் ஒன்றில் புது டீசலை நிரப்பிப் பாதுகாப்பாக உயரத்தில் கட்டி, தாங்கியையும் பழைய குழாயையும் விலக்கிவிட்டு, அந்தக் கலனிலிருந்து என்ஜினை ஓட்டிப் பாருங்கள். குறை மறைந்தால் பிணி தாங்கிப் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்றாவதுதான் முக்கியமானது. உயர் அழுத்தப் பம்பியின் வாயிலில் வெற்றிடத்தை அளக்கும் மானி ஒன்றைப் பொருத்தி, அதன் நீண்ட குழாயை ஆசனத்துக்கு அருகில் கொண்டுவந்து, பாரத்தோடு ஏற்றத்தில் ஓட்டி வாசிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் லொறியைக் கராஜ் வாசலில் நிறுத்தி எடுக்கும் வாசிப்புக்கு இந்த விடயத்தில் பெறுமதி இல்லை. என்ஜினின் பழுதுபார்ப்புக் கைந்நூலில் தரப்பட்டிருக்கும் எல்லையை அந்த வாசிப்பு தாண்டினால் உறிஞ்சும் பக்கத்தில் அடைப்பு உண்டு.

வாசிப்பு எல்லைக்குள் இருந்து, குமிழியும் இல்லாமல், இழுவை மட்டும் குறைகிறதென்றால் ஃபீட் பம்பியைப் பற்றிய பேச்சையே விட்டுவிடுங்கள். அப்போது ஸ்கேனரைப் பொருத்தி, எல்லா இன்ஜெக்டர்களுக்கும் உயர் அழுத்த டீசலைப் பகிரும் பொதுக் குழாயான ரெயிலில் கணினி கேட்கும் அழுத்தத்தையும் உண்மையில் கிடைக்கும் அழுத்தத்தையும் ஏற்றத்தில் ஒப்பிட வேண்டும். இரண்டும் விலகினால், உயர் அழுத்தப் பம்பிக்குள் போகும் டீசலை அளந்து விடுகிற வால்வு இறுகியிருக்கலாம். அல்லது இன்ஜெக்டர்கள் தேய்ந்து டீசலைத் திரும்பும் குழாய்க்கு அளவுக்கு மீறி விடலாம். வெளியிலிருந்து எத்தனை பம்பி பொருத்தினாலும் இவ்விரண்டும் குணமாகமாட்டா.

எங்கே தேட வேண்டும் என்றால், நான் தாங்கியிலிருந்தே தொடங்குவேன். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது கிடைத்த டீசலைப் பீப்பாய்களிலும் தண்ணீர்க் கலன்களிலும் சேர்த்து வைத்து ஊற்றாத லொறிக்காரர் குறைவு. அப்படிக் கிடந்த டீசலில் நீர் சேரும். நீரும் டீசலும் சந்திக்கும் படையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, பாசி போன்ற கரிய வழுவழுப்பு உண்டாகும். அந்தக் காலத்தில் தாங்கிக்குள் போன அழுக்கு, தாங்கியைக் கழற்றிக் கழுவாத லொறிகளில் உறிஞ்சு குழாயின் வலையை இன்றும் அடைத்துக்கொண்டிருக்கக் கூடும். தாங்கியின் மூச்சுத் துளையையும் பாருங்கள்: மூடியைத் தளர்த்தியவுடன் "உஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டால் அந்தத் துளை அடைபட்டிருக்கிறது. இணைப்புகளிலுள்ள செப்பு வோஷர்களைப் புதிதாக மாற்றுங்கள். கைப் பம்பியின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையமும் காலத்தில் இறுகிக் காற்றுவிடும். காலையில் நீங்கள் படாதபாடு படுத்தும் அந்தக் கைப் பம்பியே குற்றவாளியாக இருந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன். பஞ்சிகாவத்தையில் பில்டர் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், சீல் வளையம் சரியாக அமர்கிறதா, பாக எண் பொருந்துகிறதா என்று பழைய பில்டரைக் கையில் கொண்டுபோய்ப் பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் வாசிப்பு மோசமாக இருந்தால், அப்போது பம்பியைப் பற்றி யோசிக்கலாம். அதுவும் 24 வோல்ற்றில் ஓடுவதாகவும், உங்கள் என்ஜினின் வாயில் ஏற்கக்கூடிய குறைந்த அழுத்தத்தைத் தருவதாகவும் இருக்க வேண்டும். மாமாவின் தொகுதி எந்த அழுத்தத்துக்கு அமைக்கப்பட்டது என்பதைப் பெட்டியில் பாருங்கள். கமின்ஸ் என்ஜினுக்கென வருபவை பெரும்பாலும் 1 பாருக்கு (ஏறத்தாழக் கடல் மட்டக் காற்றழுத்தத்தின் அளவுக்கு) மேல் தள்ளுபவை. டீசலை உறிஞ்சியே பழகிய பம்பிக்கு அந்த அழுத்தம் வேண்டியதில்லை.

கேள்வி: தெமட்டகொடையில் ஒரு கராஜில் மூன்று வருடங்களாகத் தொழில் பழகுகிறேன். நிர்மாண வேலைக்கு ஓடும் டீசல் பிக்கப் ஒன்றுக்கு, அதற்கென்றே தயாரான 12 வோல்ற் பம்பித் தொகுதியைப் பொருத்தச் சொல்லிப் பாஸ் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். வழிகாட்டும் தாள் ஆங்கிலத்திலும் படத்திலும் இருக்கிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– இளம் வாசகர், தெமட்டகொடை

பதில்: தம்பி, தாளில் உள்ளதை நீங்கள் வாசித்துக்கொள்வீர்கள், தாளில் சிறு எழுத்தில் இருப்பதையும் இல்லாததையும் சொல்கிறேன்.

வேலையைத் தொடங்குமுன் பற்றறியின் எதிர் (−) முனையைக் கழற்றிவிடுங்கள். தாங்கியில் டீசல் காற்பங்குக்கும் கீழே இருக்கும் நாளைத் தெரிந்தெடுத்தால் தாங்கியை இறக்குவது இலகு. தாங்கியில் துளையிட வேண்டியிருந்தால் அதைக் கழற்றி வெறுமையாக்கிய பின்னரே துளையிடுங்கள். தாங்கியில் எக்காரணம் கொண்டும் வெல்டிங் வேண்டாம். டீசல் பெற்றோலைப் போல இலகுவில் தீப்பற்றாது என்பது உண்மையே. ஆனால் மூடிய தாங்கிக்குள் வெப்பத்தால் எழும் ஆவிக்கு அந்த நியாயம் தெரியாது.

புதிய உறிஞ்சு குழாயின் நீளத்தைத்தான் அதிகம் பேர் பிழைவிடுகிறார்கள். குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டி, தாங்கியின் அடியிலிருந்து ஏறத்தாழ 10 முதல் 12 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும்படி அமைக்க வேண்டும். தட்டையாக வெட்டி அடியில் முட்ட வைத்தால் குழாயே தன்னை மூடிக்கொள்ளும். உயர்த்தி வைத்தால் ஏற்றத்தில் டீசல் பின்னே சரியும்போது காற்றைக் குடிக்கும். பிளாஸ்ரிக் தாங்கி, டீசல் நிறைந்தால் சற்றுக் கீழே தொய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள். துளையிட்டபின் உள்ளே ஒரு சீவல்கூட இருக்கக் கூடாது. டோர்ச் அடித்துப் பார்த்து, நூல் உதிராத துணியால் துடைத்தெடுங்கள். உள்ளே கிடந்த சீவல் முதலில் போய்ச் சிக்குவது நீங்கள் புதிதாகப் பொருத்திய பம்பியில்தான்.

பம்பியைத் தாங்கிக்கு அருகிலும், இயன்றவரை தாங்கியின் மட்டத்துக்குத் தாழவும் சட்டகத்தில் பொருத்துங்கள், ஏனெனில் இத்தகைய பம்பி தள்ளுவதில் வல்லது, இழுப்பதில் சோம்பல் பட்டது. சைலன்சர்க் குழாயின் வெப்பம் படாமலும், புரொப்பெல்லர் ஷாஃப்ற் தொடாமலும் இருக்க வேண்டும். பில்டர்கள் கீழ்நோக்கித் தொங்குவதால், அவற்றைச் சுழற்றிக் கழற்றக் கை போகும் இடமும் வேண்டும். அழகாகப் பொருத்திவிட்டு, பில்டர் மாற்ற ஒவ்வொரு முறையும் முழுத் தொகுதியையும் இறக்கும் வேலை ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அதைச் செய்தவருக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. சட்டகத்தில் புதிதாகத் துளையிடுவதை, விசேடமாக மேல், கீழ் விளிம்புகளில் துளையிடுவதைத் தவிருங்கள். ஏற்கெனவே உள்ள துளைகளையும் தொகுதியோடு வரும் பிடிகளையும் பயன்படுத்துங்கள்.

குழாய்களில் சிக்கனம் வேண்டாம். தொகுதியோடு வந்த குழாய் போதாவிட்டால் டீசலுக்கென்று தயாரான குழாயையே வாங்குங்கள். காற்றுக்கும் தண்ணீருக்கும் உரிய குழாய் டீசலில் ஊறி, உட்பக்கம் உரிந்து, அந்தச் செதில் பில்டரை அடைக்கும். செப்புக் குழாயும் துத்தநாகம் பூசிய இரும்பு இணைப்புகளும் டீசலுக்கு உகந்தவை அல்ல: செப்பு டீசலை விரைவில் பழுதாக்கும்; துத்தநாகம் டீசலிலுள்ள அமிலங்களோடு சேர்ந்து சவர்க்காரம் போன்ற படிவை உண்டாக்கும். உறிஞ்சும் பக்கத்தில் முழங்கை இணைப்புகளை இயன்றவரை குறைத்து, குழாயை அகன்ற வளைவாகக் கொண்டுபோங்கள்.

மரைகளில் வெள்ளை நாடா சுற்றவே கூடாது. தண்ணீர்க் குழாய் வேலையிலிருந்து வந்த பழக்கம் அது, எனக்கும் இருந்தது. தொழில் பழகிய காலத்தில் ஒரு வேனின் இணைப்புக்கு மிகக் கவனமாக மூன்று சுற்றுச் சுற்றினேன். இரண்டு வாரம் கழித்து வேன் இழுவை இல்லாமல் திரும்பி வந்தது. பம்பியின் மேல்வழியும் வால்வில் ஒரு வெள்ளை இழை சுருண்டு கிடந்தது. அன்று பாஸ் என்னை ஏசவில்லை. அந்த இழையை எடுத்து ஒரு தாளில் ஒட்டி, என் கருவிப் பெட்டியின் மூடியில் வைத்துவிட்டார். டீசலைத் தாங்கும் திரவப் பசையை, முதல் இரண்டு மரைகளை விட்டுவிட்டு, மெல்லியதாகப் பூசுங்கள்.

காற்றைப் பிரிக்கும் வகைத் தொகுதியில் பம்பியிலிருந்து தாங்கிக்குத் திரும்பும் குழாய் ஒன்று தனியாக இருக்கும். பிரிந்த காற்றும் மிஞ்சிய டீசலும் அதனூடாகத்தான் திரும்புகின்றன. அது தாங்கிக்குள் உயரத்திலிருந்து கொட்டினால் டீசல் நுரைக்கும். உறிஞ்சு குழாயின் அருகில் முடிந்தால் அந்த நுரையையே பம்பி மீண்டும் இழுக்கும். ஆகவே டீசல் மட்டத்துக்குக் கீழே, உறிஞ்சு குழாயிலிருந்து விலகி முடிய வேண்டும். என்ஜினிலிருந்து ஏற்கெனவே தாங்கிக்குத் திரும்பும் குழாயோடு அதைச் சேர்ப்பதற்குத் தாளில் அனுமதி இல்லாவிட்டால் சேர்க்க வேண்டாம். அங்கே எதிரழுத்தம் கூடினால் இன்ஜெக்டர்களின் வேலை குழம்பும்.

மின் இணைப்பில் பியூஸைப் பற்றறிக்கு மிக அருகில் வையுங்கள். வயர் நடுவில் எங்காவது உரசி ஷோர்ட் ஆனால் பியூஸுக்கு முந்திய பகுதிக்குப் பாதுகாப்பே இல்லை. பம்பிக்குப் போகும் மின்சாரத்தைச் சாவித் துவாரத்தினூடாகக் கொண்டுபோகாமல் ரிலே ஒன்றினூடாகக் கொடுத்து, சாவி அந்த ரிலேயை மட்டும் இயக்குமாறு அமையுங்கள். எர்த் வயரைப் பெயின்ற் சுரண்டிய வெறும் உலோகத்தில் இறுக்க வேண்டும். இன்னுமொன்றை நான் வற்புறுத்துவேன்: என்ஜின் நின்றால் பம்பியும் நிற்க வேண்டும். விபத்தில் குழாய் அறுந்து என்ஜின் நின்றபின், சாவி போட்டபடியே இருந்தால், மின்சாரப் பம்பி தாங்கியிலுள்ள டீசல் முழுவதையும் வீதியில் கொட்டிவிடும். என்ஜின் எண்ணெய் அழுத்தம் இருக்கும்போது மட்டுமே ரிலேயை இயக்கும் சுவிட்ச் ஒன்றைத் தொடராகச் சேர்த்து, ஸ்டார்ட் செய்யும் வேளைக்கு மட்டும் தனி வழி கொடுத்தால் இந்த ஆபத்து நீங்கும்.

எல்லாம் முடிந்ததும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். எண்ணெய் அழுத்தச் சுவிட்ச் பொருத்தியிருந்தால் அதைத் தற்காலிகமாகத் தாண்டி இணைத்துவிட்டு, பில்டர்களில் சுத்தமான டீசல் நிரம்பும் வரை சாவியைப் போட்டுப் போட்டு எடுத்து, பம்பியைச் சில தடவைகள் ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். பம்பிக்கும் என்ஜினுக்கும் இடைப்பட்ட பகுதி இப்போது அழுத்தத்தில் இருப்பதால் அங்குள்ள ஒழுக்கு சொட்டாகத் தெரியும். பம்பிக்கும் தாங்கிக்கும் இடைப்பட்ட பகுதி இன்னும் உறிஞ்சும் பக்கமே. அங்கே சொட்டு வராது, குமிழிதான் வரும். ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் 10, 15 விநாடிகளுக்கு மேல் சுழற்றாமல் ஆறவிடுங்கள். காற்று எடுப்பதற்காக இன்ஜெக்டர்களுக்குப் போகும் உலோகக் குழாய்களைத் தளர்த்தும் பழைய வழக்கத்தைக் கொமன் ரெயில் என்ஜினில் செய்யவே வேண்டாம். அங்கே அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். ஊசித் துவாரத்திலிருந்து பீறிடும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். வெளியில் சிறு புள்ளிபோலத் தெரிந்தாலும் அது சத்திரசிகிச்சை தேவைப்படும் காயம். அப்படி நேர்ந்தால் மருந்து கட்டிக்கொண்டு நிற்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கடைசியாக, பம்பி பொருத்தியதற்கு முன்னும் பின்னும் உயர் அழுத்தப் பம்பியின் வாயிலில் எடுத்த வாசிப்புகளை எழுதி வாகன உரிமையாளரிடம் கொடுங்கள். பில்டர் அடைபடத் தொடங்கும்போது அந்த எண்தான் முதலில் குறையும். அவரும் புகை வருமுன்னரே உங்களிடம் வந்துவிடுவார்.

கேள்வி: ஃபீட் பம்பியின் அழுத்தத்தைக் கூட்டினால் என்ஜினின் வலுவும் கூடுமா?
– வாசகர், வத்தளை

பதில்: கூடாது. 100 கிலோவாற்று வலுவை முழுமையாக வெளியிடும் டீசல் என்ஜின் மணிக்கு ஏறத்தாழ 25 லீற்றர் டீசலை எரிக்கிறது. மணிக்கு 100 அமெரிக்கக் கலன் என்று விற்கப்படும் பம்பியோ சுமார் 378 லீற்றரைத் தள்ளுகிறது. குளிர்விப்பதற்கென்று சுழல வேண்டிய டீசலைச் சேர்த்தாலும், மிஞ்சியது தாங்கிக்கே திரும்பும். எவ்வளவு எரிய வேண்டும் என்பதை இன்ஜெக்டரும் கணினியும் தீர்மானிக்கின்றன. கணினியில் கைவைத்து டீசலைக் கூட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வாகனங்களை ஆண்டுதோறும் வரும் புகைச் சோதனையில் பார்க்கலாம்.

கேள்வி: என் கணவர் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் பழைய டீசல் வேன் ஒன்றை ஓட்டுகிறார். ஒரு மாதத்துக்கு முன் மின்சாரப் பம்பி பொருத்தினோம். இப்போது என்ஜின் எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போகிறது. இது நல்லதுதானே என்கிறார் அவர். எனக்குப் பயமாக இருக்கிறது.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அம்மா, உங்கள் பயம்தான் சரி. வேனை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். எண்ணெய் தானாகக் கூடாது, கூடுவது டீசல். அளவுகோலை இழுத்து முகர்ந்து பார்த்தால் மணமே சொல்லிவிடும். பழைய வேன்களில் உள்ள சுழல் வகை இன்ஜெக்டர் பம்பியின் தண்டைச் சுற்றி ஒரு சீல் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் அழுத்தம் அதன் தாங்குதிறனை மீறினால், டீசல் அந்தச் சீலைக் கடந்து டைமிங் பக்கமாக எண்ணெய்க்குள் இறங்கும். அவ்வகைப் பம்பியில் டீசல் பாய்ச்சும் நேரத்தை உட்புற அழுத்தமே முன்பின் நகர்த்துவதால், அழுத்தம் கூடியபின் என்ஜின் "டக டக" என்று கடினமாக ஒலித்தாலும் காரணம் இதுவே. டீசல் கலந்த எண்ணெய் நீர்த்துப் பெயரிங்குகளைக் காக்காது. மிகவும் கூடினால் என்ஜின் அந்த எண்ணெயையே எரிபொருளாகக் குடித்து, சாவியை எடுத்தாலும் நிற்காமல் ஓடும். பிள்ளைகள் ஏறும் வேனில் அதற்கு இடம் வைக்கக் கூடாது. மின்சாரப் பம்பியை நீக்கிப் பழைய வழியை மீள இணைத்து, எண்ணெயையும் எண்ணெய் பில்டரையும் மாற்றி, சீலைப் பரிசோதித்த பின்னரே ஓட்டுங்கள். பழைய ஃபீட் பம்பி என்ஜினில் பூட்டிய வகையாக இருந்தால், அதன் உள்ளே உள்ள ரப்பர்த் தகடு கிழிந்தாலும் இதே விளைவு வரும். ஆகவே அதையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பம்பித் தொகுதி பொருத்திய என் பிக்கப் தாங்கி நிறைந்திருக்கும்போது நன்றாக ஓடுகிறது. காற்பங்குக்குக் கீழே வந்ததும் கடுகண்ணாவ ஏற்றத்தில் விக்குகிறது, பம்பியும் ஊளையிடுகிறது. பம்பி பழுதா?
– வாசகர், முகத்துவாரம்

பதில்: பம்பி பெரும்பாலும் நலமாகவே இருக்கும். ஊளை என்பது டீசலுக்குப் பதிலாகக் காற்று கிடைக்கும் பம்பியின் குரல். ஏற்றத்தில் மிஞ்சிய டீசல் தாங்கியின் பின்பக்கம் சரிந்துவிட, உறிஞ்சு குழாயின் நுனி வெளியே தெரிகிறது. அல்லது திரும்பும் குழாய் அருகிலேயே கொட்டி நுரையைக் கிளப்புகிறது. தொழிற்சாலையில் பொருத்திய உறிஞ்சு குழாய் பெரும்பாலும் சிறு கிண்ணம் ஒன்றுக்குள் இருக்கும். டீசல் எந்தப் பக்கம் சரிந்தாலும் கிண்ணத்துக்குள் கொஞ்சம் தங்கும். புதிய குழாயை அந்தக் கிண்ணத்துக்கு வெளியே இறக்கியிருந்தால் இந்தக் குறை வந்தே தீரும். தாங்கியை இறக்கி, குழாயைக் கிண்ணத்துக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். இடமில்லையென்றால் நுனியின் உயரத்தை அளந்து திருத்தி, திரும்பும் குழாயை மறுபக்கம் மாற்றச் சொல்லுங்கள். அந்த வேலை முடியும்வரை, கண்டிப் பக்கம் போவதென்றால் வறக்காப்பொலையிலோ கேகாலையிலோ தாங்கியைப் பாதியளவுக்கு மேல் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.